சப்வெர்ஷனைக் கிட்டுக்குள் மிரர் செய்யும்போது: அறிகுறியிலிருந்து காரணத்துக்கு

சப்வெர்ஷன், கிட் இரண்டும் நிரல் கோப்புகளின் மாற்ற வரலாற்றைப் பதிந்துவைக்கும் அமைப்புகள். சப்வெர்ஷன் களஞ்சியம் வழக்கம்போல ஓடிக்கொண்டிருக்க, அதில் விழும் ஒவ்வொரு ரிவிஷனையும் கிட்டுக்குள் கொண்டுவந்து சேர்ப்பதைத்தான் இங்கே மிரர் என்கிறேன். பாதை ஒருவழிதான்: எழுதுவது சப்வெர்ஷனில், படிப்பது கிட்டில். இரண்டு பக்கமும் எழுத இடம்தரும் கருவிகளும் உண்டு. சப்கிட் அவற்றில் பெயர்பெற்றது. ஆனால் பழைய அமைப்பைவிட்டு வெளியேறுவதுதான் நோக்கம் என்றால், இருவழிப் பாதை அந்த வெளியேற்றத்தைத் தள்ளிப்போடும் சாக்காகவே முடியும் என்பது என் கருத்து. ஆகவே ஒருவழியோடு நிற்கிறேன். கருவி, கிட்டோடு வரும் கிட்-எஸ்விஎன்.

ஒவ்வொரு அறிகுறிக்கும் முன்னால் ஒரு கேள்வியைக் கேட்டுக்கொள்ளுங்கள்: இதைத் திருத்தினால் விட்ட இடத்திலிருந்து தொடரலாமா, முதல் ரிவிஷனிலிருந்து மறுபடி தொடங்க வேண்டுமா? கிட்டில் ஒரு கமிட்டின் (பதிவான ஒரு மாற்றத்தின்) அடையாளமான ஹேஷ் என்பது, அதன் கோப்புகள், எழுதியவர் பெயர், நேரம், செய்தி, அதற்கு முந்தைய கமிட்டின் ஹேஷ் ஆகிய எல்லாவற்றிலிருந்தும் கணக்கிடப்படுகிறது. பத்தாவது ரிவிஷனில் ஒருவரின் மின்னஞ்சலைத் திருத்தினால், அதற்குப் பின் வந்த அத்தனை ஹேஷ்களும் மாறும். மிரர் இன்னும் உங்கள் கணினியில் மட்டும் இருந்தால் அது ஒரு பொருட்டே இல்லை. மற்றவர்கள் குளோன் செய்துவிட்ட (தங்கள் கணினிக்கு முழு நகல் எடுத்துவிட்ட) பிறகு அதே திருத்தம் எல்லோருடைய வேலையையும் குலைக்கும். கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் இந்தக் கேள்வியின் விடையையும் சேர்த்தே சொல்கிறேன்.

மறுதொடக்கத்தை மலிவாக்க ஒரு வழி உண்டு. கிட்-எஸ்விஎன்-ஐ நேரடியாகத் தொலைதூர சர்வரோடு பேசவிடாமல், முதலில் எஸ்விஎன்-சிங்க் கொண்டு அதே கணினியில் ஒரு சப்வெர்ஷன் நகலை எடுத்துவிட்டு, அதிலிருந்து மாற்றுங்கள். 2006-ல் வந்த சப்வெர்ஷன் 1.4 முதல் இந்தக் கருவி உடன் வருகிறது. வலையைத் தாண்டாமல் வட்டிலிருந்தே படிப்பதால் ஒவ்வொரு மறுதொடக்கமும் வெகுவாகச் சுருங்கும். முதன்மை சர்வரின் நிர்வாகியும் உங்களைத் தேடி வரமாட்டார். ஆனால் ஒரு நிபந்தனை: இப்படிச் செய்தால் ‘யூஸ்-எஸ்விஎன்சிங்க்-ப்ராப்ஸ்’ என்ற விருப்பத்தைத் தொடக்கத்திலேயே கொடுக்க வேண்டும். இல்லையென்றால் ஒவ்வொரு கமிட் செய்தியின் அடியிலும் உங்கள் கணினியின் உள்முகவரி என்றென்றைக்குமாகப் பதிந்துவிடும்.

கட்டளையைத் தட்டியதுமே பெர்ல் பிழை வருகிறது

எஸ்விஎன் கோர் என்ற பெர்ல் தொகுதி கிடைக்கவில்லை என்று செய்தி சொல்லும். கிட்-எஸ்விஎன் பெர்லில் எழுதப்பட்டது. சப்வெர்ஷனின் பெர்ல் இணைப்பு நூலகம் இல்லாமல் அது ஓடாது. டெபியன், உபுண்டு ஆகியவற்றில் கிட்-எஸ்விஎன் தனிப் பொதியாக இருக்கிறது. அதை நிறுவினால் நூலகமும் சேர்ந்து வரும். மேக்கிலும் விண்டோஸிலும் இதோடு மல்லுக்கட்டுவதைவிட ஒரு லினக்ஸ் கணினியையோ கன்டெய்னரையோ எடுத்துக்கொள்வது மேல். அதற்கு வேறொரு காரணமும் உண்டு, பின்னால் வரும்.

எஸ்விஎன்-சிங்க் தொடங்கவே மறுக்கிறது, அல்லது பூட்டுக் கிடைக்கவில்லை என்கிறது

தொடங்க மறுத்தால், இலக்குக் களஞ்சியத்தில் ரிவிஷன் பண்புகளை (செய்தி, எழுதியவர் போன்ற குறிப்புகளை) மாற்ற அனுமதி இல்லை என்று பொருள். புதிதாக உருவாக்கிய களஞ்சியத்தில் இந்த அனுமதி இயல்பாகவே மூடியிருக்கும். ‘ப்ரீ-ரெவ்ப்ராப்-சேஞ்ச்’ என்ற ஹூக் கோப்பை (குறிப்பிட்ட நிகழ்வின்போது சப்வெர்ஷன் தானே இயக்கும் சிறு நிரலை) உருவாக்கி, அது வெற்றி என்ற விடையோடு முடியும்படி செய்து, இயக்க அனுமதியும் கொடுங்கள். அனுமதி கொடுக்க மறந்தால் ஹூக் இருந்தும் இல்லாததற்குச் சமம்.

பூட்டுப் பிரச்சினை, ஓட்டம் பாதியில் அறுந்தபின் வருவது. எஸ்விஎன்-சிங்க் தன் பூட்டைச் சுழியாவது ரிவிஷனின் பண்பாக எழுதிவைக்கிறது. செயலி செத்தாலும் பண்பு சாகாது. வேறு எந்த ஓட்டமும் நடக்கவில்லை என்று உறுதி செய்துகொண்டு, அந்தப் பண்பை நீக்குங்கள். 1.7 முதல் பூட்டைப் பறித்துக்கொள்ளும் விருப்பமும் இருக்கிறது. இரண்டிலும் தொடரலாம்.

பழைய களஞ்சியங்களில் இன்னொன்று: கமிட் செய்திகளில் விண்டோஸ் வரிமுடிவுகள் இருப்பதாகச் சொல்லி நின்றுவிடும். முன்காலச் சப்வெர்ஷன் அவற்றை ஏற்றது, பின்னர் வந்தவை ஏற்பதில்லை. புதிய எஸ்விஎன்-சிங்க் தானே சரிசெய்து எடுத்துக்கொள்ளும். பழையதை வைத்துக்கொண்டு போராட வேண்டாம். செய்திகள் யுடிஎஃப்-8 அல்லாத குறியாக்கத்தில் இருந்தால், மூலத்தின் குறியாக்கம் எது என்று சொல்லும் விருப்பம் 1.7-ல் சேர்ந்தது.

ஓட்டம் முடிந்தும் சில ரிவிஷன்கள் வெற்றாக இருக்கின்றனவா? நீங்கள் பயன்படுத்தும் கணக்குக்குச் சில கோப்புறைகளைப் படிக்க உரிமை இல்லை. சர்வர் அதைப் பிழையாகச் சொல்லாது, மறைத்துவிட்டு நகர்ந்துவிடும். முழு உரிமையுள்ள கணக்கோடு நகலை முதலிலிருந்து எடுக்க வேண்டும். இதை இந்தக் கட்டத்தில் கண்டுபிடிப்பது நல்லூழ்.

ஒரு பெயர் ஆசிரியர் பட்டியலில் இல்லை என்று நின்றுவிடுகிறது

நிற்பது நல்லது. கிட்-எஸ்விஎன்-க்கு ஆசிரியர் கோப்பு (கணக்குப் பெயர்களுக்கு எதிரே முழுப்பெயரும் மின்னஞ்சலும் எழுதிய பட்டியல்) கொடுத்திருந்தால், அதில் இல்லாத கணக்குப் பெயர் வந்த உடனே அது நின்றுவிடும். வரியைச் சேர்த்துவிட்டு, புதியவற்றை இறக்கும் ஃபெட்ச் கட்டளையை மறுபடி இயக்குங்கள். விட்ட இடத்திலிருந்து போகும்.

பட்டியலை முன்கூட்டியே தயாரிக்க, சுருக்க வடிவில் முழுப் பதிவையும் எடுத்து, இரண்டாம் நெடுவரிசையைப் பிரித்து, மீள்வருபவற்றை நீக்குங்கள். அப்போது இரண்டு விஷயங்கள் கண்ணில் படும். ஒன்று, ஒரே ஆள் பெரிய எழுத்தோடு ஒரு முறையும் சிறிய எழுத்தோடு ஒரு முறையும் இருப்பார். கருவிக்கு இவை இரண்டு வெவ்வேறு பெயர்கள், ஆகவே இரண்டு வரிகள் வேண்டும். மற்றொன்று, எழுதியவர் பெயரே இல்லாத ரிவிஷன்கள். இவற்றை ‘நோ ஆத்தர்’ என்று அடைப்புக்குறிக்குள் இட்ட பெயராகக் கருவி கருதும். அந்தப் பெயருக்கும், அடைப்புக்குறியோடு சேர்த்து, ஒரு வரி எழுதிவிடுங்கள்.

ஓடிக்கொண்டிருக்கும் மிரரில் புதிதாக ஒருவர் சேர்ந்ததும் இரவு ஓட்டம் நின்றுபோவது வழக்கமான தொல்லை. அதற்கு ‘ஆத்தர்ஸ்-ப்ராக்’ இருக்கிறது: பட்டியலில் இல்லாத கணக்குப் பெயரைக் கொடுத்தால், முழுப்பெயரையும் மின்னஞ்சலையும் திருப்பித்தரும் ஒரு சிறு நிரல். நிறுவனத்தின் பயனர் அடைவிலிருந்து தேடித்தரும்படி எழுதலாம்.

ஆசிரியர் கோப்பே கொடுக்காமல் ஓட்டியிருந்தால் நிலைமை வேறு. கணக்குப் பெயரும், மின்னஞ்சலின் இடத்தில் களஞ்சியத்தின் நீண்ட அடையாள எண்ணும் எல்லாக் கமிட்டிலும் பதிந்திருக்கும். இப்போது கோப்பைச் சேர்த்தால் இனி வருபவை மட்டுமே மாறும். பழையவை மாற வேண்டும் என்றால் முதலிலிருந்துதான்.

மாற்றம் முடிந்தது, ஆனால் ட்ரங்க் வெறுமை. அல்லது வரலாறு பாதியில் தொடங்குகிறது

ட்ரங்க் என்பது சப்வெர்ஷனில் முதன்மை வேலை நடக்கும் கோப்புறை. அது முற்றிலும் வெறுமை என்றால் முகவரியைப் பாருங்கள். வழக்கமான அமைப்பு என்று சொல்லும் விருப்பத்தையும் கொடுத்து, முகவரியின் இறுதியில் ட்ரங்க் என்றும் எழுதியிருந்தால், கருவி ட்ரங்குக்குள் இன்னொரு ட்ரங்கைத் தேடும். முகவரி, ட்ரங்க்கும் கிளைகளும் டேக்குகளும் பக்கம்பக்கமாக இருக்கும் கோப்புறையோடு முடிய வேண்டும்.

பாதியில் தொடங்குவது சற்று நுட்பமானது. பல களஞ்சியங்கள் தொடக்கத்தில் ட்ரங்க் இல்லாமலே வாழ்ந்தவை. யாரோ ஒருவர் பின்னால் எல்லாவற்றையும் ட்ரங்குக்குள் நகர்த்தியிருப்பார். நகர்த்தல் எஸ்விஎன் மூவ் அல்லது காப்பி வழியாக நடந்திருந்தால், கருவி அந்தத் தடத்தைப் பிடித்துப் பின்னோக்கிப் போகும். கோப்புகளைக் கையால் எடுத்துப்போட்டுப் புதிதாகச் சேர்த்திருந்தால் தடமே கிடையாது. சப்வெர்ஷனுக்கே தெரியாத உறவைக் கிட் கண்டுபிடிக்காது. எது நடந்தது என்று பார்க்க, ட்ரங்க் பிறந்த ரிவிஷனின் பதிவை விரிவான வடிவில் எடுங்கள். எங்கிருந்து வந்தது என்று பக்கத்தில் குறித்திருந்தால் அது காப்பி.

தடம் இருந்தும் வரவில்லை என்றால், உரிமையைச் சந்தேகியுங்கள். ஒரு திட்டம் களஞ்சியத்துக்குள் வேறு இடத்திலிருந்து வந்திருக்கலாம் என்பதால், கிட்-எஸ்விஎன் களஞ்சியத்தின் வேர்முகவரியோடு இணையப் பார்க்கும். வேரைப் படிக்க உங்களுக்கு உரிமை இல்லாவிட்டால் தடை என்ற பதில் வரும். ‘நோ-மினிமைஸ்-யூஆர்எல்’ கொடுத்தால் தடை நீங்கும், ஆனால் வெளியிலிருந்து வந்த பழைய வரலாறு கிடைக்காது. படிக்கும் உரிமையைக் கேட்டு வாங்குவதே சரியான தீர்வு.

கிளைகள் இரண்டு அடுக்காக இருக்கின்றனவா, அதாவது கிளைகள் கோப்புறைக்குள் குழுவின் பெயர், அதற்குள் கிளை? அப்படியானால் ஒரு நட்சத்திரக்குறி போதாது. கான்ஃபிக் கோப்பில் கிளைகளுக்கான வரியில் இரண்டு பக்கமும் இரண்டிரண்டு நட்சத்திரங்கள் வேண்டும். எண்ணிக்கை இருபுறமும் ஒத்திருக்க வேண்டும். பலர் தடுக்கி விழுவது இதற்கு அடுத்த படியில். கான்ஃபிக்கைத் திருத்திவிட்டு ஃபெட்ச் செய்தால் எதுவும் நடக்காது, பிழையும் வராது. எந்த ரிவிஷன் வரை கிளைகளைத் தேடி முடித்தோம் என்று கருவி குறித்துவைத்திருக்கிறது. டாட்-கிட் கோப்புறையில், எஸ்விஎன் என்ற துணைக் கோப்புறைக்குள், மெட்டாடேட்டா என்று புள்ளியோடு தொடங்கும் கோப்பு இருக்கும். அதிலுள்ள பிரான்ச்சஸ்-மேக்ஸ்ரெவ், டேக்ஸ்-மேக்ஸ்ரெவ் வரிகளை நீக்கிவிட்டு மறுபடி ஃபெட்ச் செய்யுங்கள். அப்போதுதான் பழைய ரிவிஷன்களில் புதிய கிளைகளைத் தேடும்.

மணிக்கணக்கில் அசைவே இல்லை

உண்மையில் தொங்கிவிட்டதா, வேலை நடக்கிறதா என்று முதலில் பிரித்தறியுங்கள். ‘பதறாதீர்கள், பழைய வரலாற்றைத் தீவிரமாகத் தேடிக்கொண்டிருக்கிறேன்’ என்ற பொருளில் கருவியே ஒரு செய்தி தரும், அதை நம்பலாம்.

மெதுவாக இருக்க மூன்று காரணங்கள் அடிக்கடி அமையும். பல திட்டங்கள் வாழும் பெரிய களஞ்சியத்தில் ஒரு கோப்புறையை மட்டும் எடுக்கிறீர்கள் என்றால், உங்களுக்குத் தொடர்பில்லாத ரிவிஷன்களே பெரும்பாலும் இருக்கும். கருவி இயல்பாக நூறு நூறு ரிவிஷன்களாகப் பதிவைக் கேட்கிறது. ‘லாக்-விண்டோ-சைஸ்’ மதிப்பை ஆயிரக்கணக்கில் உயர்த்தினால் இந்த வெற்றுத் தேடல் குறையும். இரண்டாவது காரணம் மெர்ஜ்இன்ஃபோ பண்பு, அதாவது எங்கிருந்து எந்த ரிவிஷன்கள் இணைக்கப்பட்டன என்ற குறிப்பு. நீண்டகாலக் கிளைகளில் அது பூதாகாரமாக வளர்ந்திருக்கும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் கருவி அதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். இதற்குக் காத்திருப்பதைத் தவிர வழி குறைவு. மூன்றாவது, ட்ரங்க்கின் ஒரு உட்கோப்புறையை மட்டும் காப்பி செய்து உருவாக்கிய கிளையோ டேக்கோ இருந்தால், கருவி அதைத் தெரியாத மூலம் என்று கருதி, அந்த உட்கோப்புறையின் வரலாற்றை முதலிலிருந்து தனியாக இறக்கத் தொடங்கும். இப்படிப் பத்து டேக்குகள் இருந்தால் வேலையும் பல மடங்கு. அந்த டேக்குகள் தேவையில்லை என்றால் ‘இக்னோர்-ரெஃப்ஸ்’ கொண்டு விலக்கிவிடுங்கள்.

நிறுத்தவேண்டியிருந்தால் தயங்காமல் நிறுத்தலாம், தொடரலாம். நிறுத்தியபின் இன்டெக்ஸ் பூட்டுக் கோப்பு இருப்பதாகச் சொன்னால், வேறு ஓட்டம் இல்லை என்று பார்த்துவிட்டு அழியுங்கள்.

சரிபார்ப்புத் தொகை ஒத்துப்போகவில்லை

பதறி எல்லாவற்றையும் அழிக்க வேண்டாம். குறை மூலத்திலா, உங்கள் பக்கமா? உள்ளூர் நகலின் மீது எஸ்விஎன்-அட்மின் வெரிஃபை ஓட்டினால் தெரிந்துவிடும். அது தேறினால், கிட் பக்கத்தில் ஒரு ரிவிஷன் அரைகுறையாக எழுதப்பட்டிருக்கலாம். கிட்-எஸ்விஎன் ரீசெட் கட்டளைக்கு அந்த ரிவிஷன் எண்ணையும், அதையும் சேர்த்து விலக்கு என்று சொல்லும் பேரன்ட் விருப்பத்தையும் கொடுத்துவிட்டு மறுபடி ஃபெட்ச் செய்யுங்கள். அமைப்புகள் மாறாத வரை, மறுபடி இறக்கிய கமிட்டுகளுக்கு அதே ஹேஷ்கள்தான் கிடைக்கும். வெரிஃபை தேறாவிட்டால் வட்டிலோ மூலக் களஞ்சியத்திலோ பழுது. அது மிரரை விடப் பெரிய செய்தி, உடனே நிர்வாகியிடம் சொல்லுங்கள்.

கிளைப் பெயர்களின் வாலில் @ குறியும் எண்ணும் தொங்குகின்றன

இவை குப்பை அல்ல, கட்டடத்துக்குக் கட்டும் சாரம் போன்றவை. ஒரு கிளை, நீங்கள் சொன்ன அமைப்புக்கு வெளியே உள்ள இடத்திலிருந்து காப்பியாகியிருந்தால், அந்த மூலத்தின் வரலாற்றைத் தாங்க ஒரு பெயர் வேண்டுமே. கருவி கிளைப் பெயரோடு ரிவிஷன் எண்ணை ஒட்டி ஒன்றைப் படைத்துக்கொள்கிறது. பெரும்பாலும் அதன் கமிட்டுகள் உண்மையான கிளையின் மூதாதையராகவே இருக்கும். மெர்ஜ்-பேஸ் கட்டளையின் மூதாதையர் சோதனையால் அதை உறுதிசெய்துவிட்டு, மற்றவர்கள் படிக்கும் கிட் சர்வருக்குத் தள்ளும் பட்டியலிலிருந்து மட்டும் விலக்குங்கள். உள்ளூரில் அழிக்காதீர்கள்.

ஃபெட்ச் ஓடுகிறது, ஆனால் மாஸ்டர் கிளை நகரவில்லை. சர்வரில் கிளைகளே தெரியவில்லை

இரண்டுக்கும் வேர் ஒன்றே. ஃபெட்ச் புதுப்பிப்பது ரிமோட்ஸ் பிரிவில் உள்ள குறிகளை (கிளைகளின் நுனியைச் சுட்டும் பெயர்களை) மட்டும். குளோன் செய்தபோது கிடைத்த மாஸ்டர், உங்கள் உள்ளூர்க் கிளை. யாராவது ரீபேஸ் செய்தாலொழிய அது இருந்த இடத்திலேயே இருக்கும். தானாக ஓடும் மிரருக்கு உள்ளூர்க் கிளையே தேவையில்லை.

அதேபோல், ‘மிரர்’ என்ற பெயரைப் பார்த்து, சர்வருக்குத் தள்ளும் புஷ் கட்டளைக்கு அந்த விருப்பத்தைக் கொடுத்தால், ரிமோட்ஸ் பிரிவு அப்படியே ரிமோட்ஸ் பிரிவாகவே சர்வருக்குப் போகும். சர்வரின் வலைப்பக்கம் காட்டுவதோ வழக்கமான கிளைகள் இருக்கும் ஹெட்ஸ் பிரிவை. மேலும், உங்களிடம் இல்லாத குறிகளைச் சர்வரிலிருந்து அது அழித்தும்விடும். இந்த வேலைக்குப் பெயர் பொருத்தமாக இருந்தும் விருப்பம் பொருந்தாது. ரிமோட்ஸ் பிரிவிலுள்ள ஒவ்வொன்றையும் ஹெட்ஸ் பிரிவுக்குள் அனுப்பும் ரெஃப்ஸ்பெக்கை எழுதி, ட்ரங்க்கை மெயினாகவோ மாஸ்டராகவோ பெயர்மாற்றி, @ வால்களையும் டேக்குகளையும் தவிர்த்துத் தள்ளுங்கள். தொடரலாம், எதையும் மறுபடி இறக்க வேண்டியதில்லை.

சப்வெர்ஷனில் அழித்த கிளை கிட்டில் நிற்கிறதே என்று கேட்பார்கள். கிட்-எஸ்விஎன் அழிப்பதில்லை. சப்வெர்ஷனின் கிளைப் பட்டியலோடு ஒப்பிட்டு நீக்கும் சிறு ஸ்கிரிப்ட் நீங்களே எழுத வேண்டியது. நான் எழுதினால் நீக்காமல், ‘ஆவணம்’ என்ற முன்னொட்டோடு பெயர்மாற்றி வைப்பேன். இணைக்கப்படாத வேலை அதில் கிடக்கலாம்.

டேக்குகள் எல்லாம் கிளைகளாக வந்திருக்கின்றன

வரத்தான் செய்யும். சப்வெர்ஷனில் டேக் என்பது இன்னொரு கோப்புறைக் காப்பி. யாரும் அதில் கமிட் செய்யலாம், செய்திருக்கிறார்கள். ஆகவே ஒவ்வொன்றாகப் பாருங்கள். டேக்கின் நுனிக் கமிட்டில் உள்ள கோப்பு மரமும் அதன் முந்தைய கமிட்டின் மரமும் ஒன்றே என்றால், முந்தைய கமிட்டின் மீது கிட் டேக் போடுங்கள். வரலாற்றில் துருத்திக்கொண்டு நிற்காது. மரங்கள் வேறு என்றால் நுனியிலேயே போடுங்கள்.

மிரர் ஓடிக்கொண்டிருக்கும்போது யாராவது பழைய டேக்கில் மாற்றம் செய்தால், உங்கள் டேக் இடம்மாற வேண்டும். ஆனால் ஏற்கெனவே குளோன் செய்தவர்களின் கணினியில், சாதாரண ஃபெட்ச் டேக்கை நகர்த்தாது. ஒரே டேக் பெயரில் இருவர் இருவேறு நிரல்களைக் கட்டுவார்கள். இதைத் தவிர்க்க, சப்வெர்ஷனில் டேக் கோப்புறைக்குள் திருத்தங்களை மறுக்கும் ப்ரீ-கமிட் ஹூக் போட்டுவிடுவதே நல்லது.

இணைப்புகள் கிட் வரைபடத்தில் காணோம்

சப்வெர்ஷன் இணைப்புகளைப் பதிவுசெய்யத் தொடங்கியது 2008-ல் வந்த 1.5 பதிப்பில்தான். அதற்கு முந்தையவை கமிட் செய்தியில் மட்டுமே வாழ்கின்றன. பிந்தையவற்றிலும், ஒரு கிளை முழுமையாக இணைந்திருந்தால்தான் கருவி அதை இணைப்புக் கமிட்டாக எழுதும். சில ரிவிஷன்கள் விடுபட்டிருந்தால், செரி-பிக் (சில மாற்றங்களை மட்டும் பொறுக்கி எடுத்தது) புறக்கணிக்கப்பட்டது, இத்தனை கமிட்டுகள் குறைகின்றன என்று எச்சரித்துவிட்டுப் போகும். அந்த எச்சரிக்கையால் தீங்கு இல்லை. மிரரில் இதைச் செப்பனிடாதீர்கள்.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். தினமும் ஓடும் மிரரும், ஒரே முறை நடக்கும் இறுதி இடப்பெயர்வும் ஒரே வேலையாக இருக்க வேண்டியதில்லை. ஜிசிசி கம்பைலர் திட்டம் பல ஆண்டுகள் கிட்-எஸ்விஎன் மிரரை வைத்திருந்தும், 2020 ஜனவரியில் உண்மையாகவே கிட்டுக்கு மாறியபோது, எரிக் ரேமண்டின் ரெப்போசர்ஜன் என்ற கருவி கொண்டு வரலாற்றைப் புதிதாக மாற்றிக்கொண்டது. செப்பனிடும் ஆசைகளை எல்லாம் அந்த நாளுக்கு ஒத்திவைத்தால் மிரர் நிம்மதியாக ஓடும்.

கோப்புகள் ஒத்துப்போகவில்லை

ஒவ்வொரு கிளைக்கும், எஸ்விஎன் எக்ஸ்போர்ட் ஒரு கோப்புறையில், கிட் ஆர்க்கைவ் இன்னொன்றில். இரண்டையும் டிஃப் செய்வதுதான் சோதனை. வேறுபாடு வந்தால், எந்த வகைக் கோப்பு என்று பாருங்கள்.

டாலர் குறிகளுக்கு இடையே ரிவிஷன் எண்ணோ தேதியோ உள்ள வரிகள் மட்டும் மாறினால், அவை சப்வெர்ஷன் கீவேர்டுகள். களஞ்சியத்துக்குள் அவை விரியாமல்தான் இருக்கின்றன, கிட்டுக்கும் அப்படியே வரும். எக்ஸ்போர்ட்டில் கீவேர்டுகளைப் புறக்கணிக்கச் சொல்லும் விருப்பத்தைக் கொடுத்து மறுபடி ஒப்பிடுங்கள். உங்கள் பில்டு ஸ்கிரிப்ட் அந்த வரியிலிருந்து பதிப்பு எண்ணை எடுக்கிறது என்றால், அதை வேறு வழியில் எடுக்க இப்போதே மாற்றத் தொடங்குங்கள்.

கோப்பு முழுவதும் எல்லா வரியும் மாறியதாகக் காட்டினால் வரிமுடிவு. மிரர் ஓடும் கணினியில், வரிமுடிவைத் தானாக மாற்றும் ஆட்டோசிஆர்எல்எஃப் அமைப்பு அணைந்திருக்க வேண்டும். கிட்-ஆட்ரிபியூட்ஸ் கோப்பை மிரர் கிளைகளில் கமிட் செய்து சரிக்கட்டும் எண்ணம் வரும், வேண்டாம். சப்வெர்ஷனில் இல்லாத கமிட் ஒன்று நடுவில் புகுந்தால், அடுத்த ஃபெட்சில் கிளை இரண்டாகப் பிரியும்.

ஒரு கோப்புறை முழுவதுமாகக் காணவில்லை என்றால் அது வெற்றுக் கோப்புறையாகவோ எக்ஸ்டர்னல்ஸ் (வேறு இடத்துக் கோப்புறையை இழுத்துவரும் சப்வெர்ஷன் பண்பு) வழியாக வந்ததாகவோ இருக்கும். கிட் வெற்றுக் கோப்புறைகளைச் சேமிப்பதில்லை. அவற்றில் ஒரு நிரப்புக் கோப்பை இட்டுக் காக்கும் விருப்பம் உண்டு, ஆனால் அது ஹேஷ்களை மாற்றும். தொடக்கத்தில் கொடுத்தால் கொடுத்ததுதான். எக்ஸ்டர்னல்ஸைக் கருவி கொண்டுவராது. தான் கையாளாமல் விட்ட பண்புகளை ‘அன்ஹேண்டில்டு’ என்ற பதிவுக் கோப்பில் எழுதிவைக்கும். அதை ஒரு முறையாவது திறந்து படியுங்கள்.

பெயர்களில்தான் வேறுபாடு, அதுவும் மேக்கில் மட்டும் என்றால், இரண்டைச் சந்தேகிக்கலாம். பெரிய எழுத்து சிறிய எழுத்து வேறுபாட்டை மட்டுமே கொண்ட இரு கோப்புகளோ இரு கிளைகளோ, அதைப் பொருட்படுத்தாத கோப்பு முறைமையில் ஒன்றையொன்று விழுங்கிவிடும். லினக்ஸில் ஓட்டச் சொன்னதன் காரணம் இது. மற்றொன்று தமிழ்ப் பெயருள்ள கோப்புகளுக்கே உரியது: ‘கொ’, ‘கோ’, ‘கௌ’ ஆகியவற்றின் உயிர்க்குறியை யூனிகோடில் ஒரே குறியீடாகவும் எழுதலாம், இரண்டு துண்டுகளாகவும் எழுதலாம். மேக்கின் பழைய கோப்பு முறைமை துண்டாக்கியே சேமித்தது. கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இரண்டு பெயர்கள் கிட்டுக்கு இரண்டு கோப்புகள். ‘ப்ரீகம்போஸ்-யூனிகோடு’ அமைப்பு மேக்கில் இதைச் சமாளிக்கும். கிட் ஸ்டேட்டஸில் தமிழ்ப் பெயர்கள் எண்களாகச் சிதறித் தெரிவது மட்டும் பழுதல்ல; ‘க்வோட்பாத்’ அமைப்பை அணைத்தால் எழுத்துகள் திரும்பிவிடும்.

சர்வர் புஷ்ஷை ஏற்க மறுக்கிறது

கோப்பின் அளவைச் சொல்லி மறுத்தால், வரலாற்றின் ஏதோ ஒரு மூலையில் பெரிய கோப்பு கிடக்கிறது. கிட்ஹப் 100 எம்பி-க்கு மேற்பட்ட கோப்பை ஏற்பதில்லை. இன்றைய நிலையில் அதை அழித்துப் பயனில்லை. அது இருந்த கமிட் இன்னும் இருக்கிறது. ‘இக்னோர்-பாத்ஸ்’ கொண்டு அந்தப் பாதையை விலக்கி முதலிலிருந்து ஓட்டுங்கள். உள்ளூர் எஸ்விஎன்-சிங்க் நகல் இங்கேதான் தன் விலையைத் திருப்பித்தரும்.

முன்னோக்கிய நகர்வு அல்ல என்று மறுத்தால், யார் மாறினார்கள் என்று கண்டுபிடிக்க வேண்டும். சர்வரில் இருக்கிற, உங்களிடம் இல்லாத ஒன்றிரண்டு கமிட்டுகள் மட்டும் நுனியில் இருந்தால், யாரோ மிரருக்கு நேரடியாகத் தள்ளியிருக்கிறார்கள். அவர்களிடம் அந்த வேலையைப் பேட்ச்சாக வாங்கிச் சப்வெர்ஷனில் இடச் சொல்லிவிட்டு, சர்வரில் மிரர் கணக்கைத் தவிர மற்றவர்களின் எழுதும் உரிமையை எடுத்துவிடுங்கள். வரலாறு முழுவதுமே வேறாக இருந்தால், மிரர் புதிதாக உருவாக்கப்பட்டபோது ஏதோ மாறியிருக்கிறது: ஆசிரியர் கோப்பு, விலக்கிய பாதைகள், அல்லது சப்வெர்ஷன் முகவரி. மூன்றாவதுதான் எளிதில் தப்பும். கமிட் செய்தியின் அடியில் கிட்-எஸ்விஎன் எழுதும் அடையாள வரியில் முகவரியும் இருக்கிறது. சர்வர் பெயர் மாறினால் அல்லது எச்டிடிபிஎஸ்-க்கு மாறினால் அந்த வரியும் மாறும், ஹேஷும் மாறும். ‘யூஸ்-எஸ்விஎன்சிங்க்-ப்ராப்ஸ்’ கொடுக்காத மிரர் என்றால், ‘ரீரைட்-ரூட்’ கொண்டு பழைய முகவரியையே எழுதச் செய்து மறுபடி ஓட்டுங்கள். ஃபோர்ஸ் புஷ் செய்துவிட்டால் இந்தத் தேடலை மிச்சப்படுத்தலாம்தான், ஆனால் அதற்கான கூலியைக் குளோன் செய்தவர்கள் எல்லோரும் கொடுப்பார்கள்.

அந்த அடையாள வரி அசிங்கமாக இருக்கிறது என்று ‘நோ-மெட்டாடேட்டா’ கொடுப்பவர்கள் உண்டு. மிரருக்கு அது கூடாது. எந்தக் கமிட் எந்த ரிவிஷன் என்ற அட்டவணை டாட்-கிட் கோப்புறைக்குள் மட்டுமே இருக்கிறது. அது தொலைந்தால் அந்த வரிகளை வைத்துத்தான் கருவி அதை மறுபடி கட்டும். வரியும் இல்லையென்றால், சப்வெர்ஷன் மூலத்தைக் கண்டறிய இயலவில்லை என்ற செய்தியோடு கதை முடிந்தது.

கையால் ஓட்டினால் ஓடுகிறது, கிரானில் ஓடவில்லை

குறித்த நேரத்தில் கட்டளைகளைத் தானாக ஓட்டும் கிரானின் சூழல் வேறு: ஹோம் மாறியிருக்கும், பாத் சுருங்கியிருக்கும், கடவுச்சொல் கேட்க முனையம் இல்லை. சேமித்த சப்வெர்ஷன் அனுமதி எந்தப் பயனரின் கோப்புறையில் இருக்கிறதோ, அதே பயனராக ஓட்டுங்கள். நேற்றுவரை ஓடியது இன்று நின்றது என்றால், சர்வரின் சான்றிதழ் புதுப்பிக்கப்பட்டு, ஏற்கிறீர்களா என்ற கேள்விக்குப் பதில் சொல்ல ஆளில்லாமல் காத்திருக்கலாம். ஒரு முறை அதே பயனராக உள்நுழைந்து எஸ்விஎன் இன்ஃபோ கொடுத்தால் கேள்வி கண்ணில் படும். முந்தைய ஓட்டம் முடியுமுன் அடுத்தது தொடங்காதபடி ஃப்ளாக் கட்டளையால் சுற்றிவிடுங்கள்.

சப்வெர்ஷனைப் பூட்டிய பின் ஒரு கமிட் குறைகிறது

பூட்டுவது என்றால் அறிவிப்பு அனுப்புவது அல்ல. எல்லாக் கமிட்டையும் மறுக்கும் ஸ்டார்ட்-கமிட் ஹூக். அதை இட்டபின் மூலத்தின் கடைசி ரிவிஷன் எண்ணையும், உள்ளூர் நகலின் எண்ணையும், கிட் கிளைகளின் அடையாள வரிகளில் உள்ள மிகப் பெரிய எண்ணையும் ஒப்பிடுங்கள். முதல் இரண்டும் ஒத்துப்போய், மூன்றாவது மட்டும் பின்தங்கினால், விடுபட்ட ரிவிஷன்களின் பதிவை விரிவாகப் பாருங்கள். பெரும்பாலும் அவை நீங்கள் விலக்கிய பாதையிலோ, கிளைகளுக்கும் டேக்குகளுக்கும் வெளியே யாரோ தமக்கென்று வைத்திருந்த கோப்புறையிலோ விழுந்திருக்கும். அந்தக் கோப்புறை தேவைப்பட்டால் அதை மட்டும் தனிக் களஞ்சியமாக மாற்றி எடுங்கள். ஓடி முடிந்த மிரரின் அமைப்பைத் தொடாதீர்கள்.